ஆயில் மாற்றியபிறகு வண்டி தகராறு செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

வீட்டிலேயே இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது யாரும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் நடுவில் போல்ட் கழல மறுக்கும்போதோ, எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு விளக்கு அணையாமல் நிற்கும்போதோ என்ன செய்வதென்று தெரியாமல் பலரும் பதறிவிடுகிறார்கள். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆயில் மாற்றும் முறையை இங்கே வரிசையாகச் சொல்லப்போவதில்லை. உங்கள் வண்டியில் தெரியும் அறிகுறியை மட்டும் தேடிப் படித்தால் போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டி, ஆயில் மாற்றிய கையோடு மக்கர் செய்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கை பட்ட இடங்களைத்தான்: ட்ரெயின் போல்ட் (ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்), அதன் வாஷர், ஃபில்டர், ஊற்றிய ஆயிலின் அளவும் கிரேடும், ஆயில் மூடி. இவற்றைப் பார்த்து முடிக்கும் முன்னால் ஆயில் பம்ப் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்ற முடிவுக்கெல்லாம் போகாதீர்கள்.

அப்புறம், எதைச் சரிபார்க்கப் போனாலும் ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. ஜாக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்தபிறகு உள்ளே போங்கள்.

சிவப்பு ஆயில் விளக்கு அணையவில்லை

இதுதான் இருப்பதிலேயே அவசரம். புது ஃபில்டர் காலியாக இருக்கும், அது நிரம்பி அழுத்தம் ஏற கொஞ்ச நேரம் ஆகும், அதனால் ஸ்டார்ட் செய்ததும் ஐந்தாறு விநாடி விளக்கு எரிந்து அணைவது சகஜம். பத்து விநாடி தாண்டியும் எரிகிறதென்றால் இன்ஜினை உடனே நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அழுத்தம் ஏறிவிடும் என்று முறுக்கிப் பார்ப்பது மிகத் தவறு. பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேராத நேரத்தில் வேகத்தை ஏற்றினால் சில விநாடிகளே அவற்றைக் கெடுக்கப் போதும்.

அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியில், ஆயில் சரியாக இருக்கிறதே என்று விளக்கை ஒதுக்கிவிடாதீர்கள்.

நிறுத்தியதும் முதல் வேலை, வண்டிக்கு அடியில் பார்ப்பது. ஆயில் குளம் கட்டியிருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள். கீழே எதுவும் இல்லையென்றால் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் ஊற்ற மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்வது கேட்க நம்ப முடியாததாக இருந்தாலும் நடக்கத்தான் செய்கிறது, நடுவில் ஒரு போன் வந்தால் போதும். அளவு சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது ஃபில்டர்.

காரில் கார்ட்ரிட்ஜ் வகை ஃபில்டர், அதாவது பிளாஸ்டிக் மூடிக்குள் காகித எலிமென்ட் மட்டும் இருக்கும் வகை என்றால், மூடியைத் திறந்து எலிமென்ட் முழுக்க உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் எலிமென்ட்டின் அடியில் சின்ன முளை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது அடியில் உள்ள துளையை அடைத்தால்தான் ஆயில் சம்புக்கே (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) திரும்பி ஓடாமல் இன்ஜினுக்குள் போகும். முளை இல்லாத மாற்று ஃபில்டரை வாங்கிப் போட்டாலோ, முளை துளையில் இறங்காமல் சாய்ந்து நின்றாலோ அழுத்தம் ஏறாது. பைக்கில் எலிமென்ட்டைத் தலைகீழாகப் போட்டுவிடுவது அதேபோல ஆபத்து. பல பைக் ஃபில்டர்களில் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். மாற்றிப் போட்டால் ஆயில் போகும் வழியே அடைபட்டுவிடும். அங்கே ஒரு ஸ்பிரிங்கும் உண்டு, அது பழைய ஃபில்டரோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபில்டரும் சரி என்றால் பம்ப் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பழைய ஆயிலை வடித்து ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு வைத்தால் சில வண்டிகளில் இப்படி ஆகும். எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் பிடிக்காதபடி ஸ்டார்ட்டரை மட்டும் ஐந்து விநாடி சுற்றுங்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு மூன்று தடவை. விளக்கு அணைந்தால் ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். அணையவில்லையென்றால் இதற்கு மேல் முயற்சி வேண்டாம், வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான அறிகுறி ஒன்றும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்போது அந்த விளக்கு எரிந்தாக வேண்டும். ஆயில் மாற்றியபிறகு எரியவே இல்லை என்றால், ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிரஷர் சுவிட்சின் ஒயர் உங்கள் கை பட்டுக் கழன்றிருக்கலாம். அதை அப்படியே விட்டால், நாளைக்கு உண்மையிலேயே அழுத்தம் இறங்கும்போது எச்சரிக்கை வராது.

ஆயில் ஒழுகுகிறது

எங்கிருந்து என்று கண்டுபிடிப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. ஆயில் மாற்றும்போது சிந்தியது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டிலும் குறுக்குச் சட்டத்தின் பள்ளங்களிலும் தேங்கி நின்று, இரண்டு மூன்று நாள் வரைகூடச் சொட்டும். எனவே தரையில் நான்கு சொட்டு பார்த்ததும் போல்ட்டை இறுக்கக் கிளம்பாதீர்கள். போல்ட்டையும் ஃபில்டரைச் சுற்றியும் துணியால் நன்றாகத் துடைத்து, பிரேக் கிளீனர் இருந்தால் அடித்துக் காயவிட்டு, அடியில் ஒரு அட்டையைப் போட்டு இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். மிக மெதுவான கசிவு என்றால், இன்ஜின் ஆறியிருக்கும்போது துடைத்த இடத்தில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி வைத்து ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். பவுடர் எங்கே நனைந்திருக்கிறதோ கசிவு அங்கேதான். சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள், ஆயில் மேலே கசிந்து வேறெங்கோ வழிந்து வந்துதான் கீழே விழும், ஓடும்போது காற்று அதைப் பின்னாலும் தள்ளும்.

ஃபில்டர் பக்கம் கசிந்தால், அதிலும் சொட்டாக இல்லாமல் ஓட்டமாகக் கொட்டினால், பெரும்பாலும் அது இரட்டை ரப்பர் விவகாரம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பல மாதம் சூட்டில் வெந்து, கறுத்து, தட்டையாகி, இன்ஜின் உலோகத்தோடு நிறம் கலந்து போயிருக்கும். கீழே படுத்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. அதன்மேல் புது ஃபில்டரை அதன் சொந்த வளையத்தோடு திருகிவிடுவோம். ஐடிலில் ஒன்றும் தெரியாமல் இருக்கும், வேகம் ஏற்றியதும் ஒரு வளையம் இன்னொன்றின் மேல் வழுக்கி வெளியே பிதுங்கும், அதற்கப்புறம் சம்பில் இருக்கும் அத்தனை ஆயிலும் வெளியே கொட்ட ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. ஆகவே பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதைத் திருப்பிப் பார்த்து, வளையம் அதன் பள்ளத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இருந்தாலும் சரி, இன்ஜின் பக்கத்து வட்டத்தை ஒரு துணி சுற்றிய விரலால் முழுச் சுற்றும் தடவுங்கள். வெறும் உலோகத்தின் வழவழப்பு மட்டும்தான் விரலில் படவேண்டும். லேசாக மெத்தென்று ஏதாவது பட்டால் அதுதான் பழைய ரப்பர், நகத்தால் நெம்பினால் உரிந்து வரும்.

வளையம் ஒன்றுதான், ஆனாலும் கசிகிறது என்றால் இறுக்கம் போதவில்லை அல்லது வளையம் உலர்ந்த நிலையில் மாட்டியதால் மடங்கியிருக்கிறது. கழற்றி, வளையத்தில் புது ஆயிலை விரலால் பூசி, ரப்பர் இன்ஜினைத் தொட்டதும் அங்கிருந்து கையாலேயே முக்கால் சுற்று திருப்புங்கள். ஃபில்டரின் பின்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எவ்வளவு திரும்பியது என்று தெரியும். உங்கள் ஃபில்டர் டப்பாவில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்குவது வேண்டாம்.

ஃபில்டர் திருகும்போதே லொடலொடவென்று ஆடினால் அங்கேயே நிறுத்துங்கள். 20 மில்லிமீட்டர் மரையும் முக்கால் அங்குல மரையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். பெரிய மரை ஃபில்டர் சின்ன மரையில் ஏறிவிடும், ஆனால் பிடித்து நிற்காது. ரப்பர் வளையத்தின் விட்டமும் ஒன்றாக இருந்துவிட்டால் ஏமாறுவது ரொம்ப சுலபம், எனவே கடையில் கண்ணால் பொருத்திப் பார்த்து வாங்காமல் பாகத்தின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ட்ரெயின் போல்ட்டில் கசிந்தால் காரணம் பத்துக்கு ஒன்பது முறை வாஷர்தான். செம்பு, அலுமினியம் வாஷர்கள் ஒருமுறை நசுங்கி அடைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. மறுபடி அதையே போட்டால் சில சமயம் நிற்கும், சில சமயம் கசியும். கசிவை நிறுத்த போல்ட்டை இன்னும் ஒரு இறுக்கு இறுக்குவோம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள், மரை போவது அந்த ஒரு இறுக்கில்தான். வாஷரை மாற்றுங்கள். பழைய வாஷர் சம்பிலேயே ஒட்டியிருந்து அதன்மேல் புதிதும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ட்ரெயின் போல்ட் கழலவில்லை, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கிறது

கழலவில்லை என்றால் முதலில் திசையைச் சரிபாருங்கள். போல்ட்டின் தலையை நேராகப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். காருக்கு அடியில் படுத்திருக்கும்போது திசை குழம்பி, கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. திசை சரியென்றால் பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை விட்டுவிட்டு ஆறு முனை சாக்கெட்டுக்கு மாறுங்கள், அது தலையின் தட்டைப் பக்கங்களைப் பிடிக்கும், முனைகளை மழுக்காது. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கும் சூடு வேண்டாம். நீளமான கைப்பிடி போட்டு ஒரே சீராக அழுத்தம் கொடுங்கள். இதற்கும் அசையாமல் தலை மழுங்க ஆரம்பித்துவிட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள், பழைய ஆயில் உள்ளே இருக்கும்வரை வண்டியை ஓட்டிக்கொண்டே மெக்கானிக்கிடம் போகலாம்.

மாட்டும்போது போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் சம்பில் மரை போய்விட்டது. அலுமினியச் சம்பில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் போல்ட் எஃகு, சம்பு மெத்தான உலோகம். போல்ட்டை வெளியே எடுத்துப் பாருங்கள், அதன் மரையில் வெள்ளிக் கம்பிச் சுருள் மாதிரி ஏதாவது சுற்றியிருந்தால் அது சம்பின் மரைதான். டெஃப்லான் டேப் சுற்றி, பசை போட்டு ஒட்டி ஓட்டுவதெல்லாம் வேண்டாம், நடுவழியில் போல்ட் விழுந்தால் இன்ஜின் போகும். புது மரை வெட்டி எஃகுச் சுருள் பதிப்பதுதான் நிலையான வழி, லேத் பட்டறையிலோ நல்ல மெக்கானிக்கிடமோ செய்துகொள்ளலாம். மரையைத் தானே வெட்டிக்கொண்டு இறங்கும் பெரிய சைஸ் போல்ட் கிடைக்கும், அது தற்காலிகத்துக்குத்தான். மரை வெட்டும்போது விழும் உலோகத் தூள் உள்ளே தங்கக்கூடாது என்பதால், கொஞ்சம் ஆயிலை மேலிருந்து ஊற்றிக் கீழே வழியவிட்டுக் கழுவியபிறகு மூடுங்கள்.

இது வராமல் தடுக்க, போல்ட்டை முதல் நான்கைந்து சுற்று வெறும் விரலால் ஏற்றுங்கள். விரலால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். பல கார்களில் 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்து டார்க் ரெஞ்சில் வையுங்கள்.

பழைய ஃபில்டர் அசையவே இல்லை

ஃபில்டரில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், பாதிப்பேருக்கு இதிலேயே வந்துவிடும். இல்லையென்றால் தொப்பி வகை ரெஞ்ச், அல்லது பட்டை, சங்கிலி வகை. இவற்றை ஃபில்டரின் அடிப்பக்கமாக, இன்ஜினை ஒட்டிப் போடுங்கள், அங்கேதான் தகடு கெட்டி. ஸ்குரூ டிரைவரால் குத்தித் திருப்புவது எல்லோரும் சொல்லும் யோசனை, ஆனால் ஃபில்டரின் உடல் மெல்லிய தகரம், அது கிழிந்துவிட்டால் பிறகு பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. வேறு எதுவும் இல்லாத கட்டத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸ்டிக் காட்டும் அளவு குழப்புகிறது

ஊற்றிய உடனே பார்த்தால் ஆயில் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும், குழாயின் சுவரில் ஒட்டியிருப்பது கம்பியின் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் காட்டும். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்தில் தாழ்வாகக் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடியபிறகு அளவு கொஞ்சம் இறங்கியிருந்தால் அது ஃபில்டர் குடித்தது. பைக்கை நேராக நிறுத்த வேண்டும், சைடு ஸ்டாண்டில் பார்க்கும் அளவு பொய். மரை உள்ள டிப்ஸ்டிக் என்றால் திருகி எடுப்பதா, சும்மா வைத்து எடுப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

மேல் கோட்டைத் தாண்டிவிட்டதா? மில்லிமீட்டர் கணக்கில் என்றால் கவலையில்லை. பல கார்களில் இரண்டு கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர் இருக்கும், அதை வைத்து எவ்வளவு அதிகம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அரை லிட்டர் அதிகம் என்றால் எடுத்தாக வேண்டும். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலில் அடித்து நுரை கிளப்பும், நுரையைப் பம்ப் இழுத்தால் அழுத்தம் குறையும், சீல்களில் கசிவு வரும், டீசல் இன்ஜினில் அந்த ஆயிலே எரிபொருளாகி இன்ஜின் நிற்காமல் ஓடும் ஆபத்தும் இருக்கிறது. டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபை இறக்கி ஒரு பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது சுத்தமான வழி.

கையேட்டில் சொன்ன அளவைத்தான் ஊற்றினேன், ஆனாலும் இரண்டு மடங்கு காட்டுகிறது என்றால், வண்டியை நகர்த்தாதீர்கள். நீங்கள் கழற்றியது கியர்பாக்ஸின் போல்ட்டாக இருக்கலாம். இப்போது இன்ஜினில் பழையதும் புதியதும் சேர்ந்து நிற்கிறது, கியர்பாக்ஸ் காலி. வடித்த பாத்திரத்தைப் பாருங்கள். இன்ஜின் ஆயில் கறுத்திருக்கும், கியர்பாக்ஸில் இருந்து வந்தது பெரும்பாலும் சிவப்பாகவோ தேன் நிறத்திலோ இருக்கும், வாசனையும் வேறு. இன்ஜினைச் சரியாக வடித்து நிரப்பி, கியர்பாக்ஸுக்கு அதற்கென்று குறிப்பிட்ட ஆயிலை ஊற்றும்வரை ஒரு அடிகூட ஓட்டக்கூடாது.

புகை, கருகல் வாடை

பானெட்டுக்கு அடியிலிருந்து வந்தால், ஃபில்டரைக் கழற்றும்போது சிந்தியது சைலன்சர் குழாயில் விழுந்து எரிகிறது. கால் மணி, அரை மணி ஓட்டத்தில் தீர்ந்துவிடும். தீராமல் தினமும் வந்தால் கசிவு இருக்கிறது, தேடுங்கள், ஆயில் மூடியையும் ஒருமுறை பாருங்கள். சைலன்சர் வாயிலிருந்து நீலப் புகை வந்தால் அளவு அதிகமா என்று முதலில் பாருங்கள்.

பைக்கில் கிளட்ச் வழுக்குகிறது

ஆயில் மாற்றிய பிறகு முறுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி முன்னேறவில்லை. பெரும்பாலும் கார் ஆயிலை ஊற்றியிருப்பீர்கள். பைக்கில் கிளட்ச் தகடுகள் அதே ஆயிலில் மூழ்கித்தான் வேலை செய்யும், கார் ஆயிலில் மைலேஜுக்காகச் சேர்க்கும் உராய்வு குறைக்கும் பொருள் அவற்றை வழுக்க வைக்கும். டப்பாவில் ஜாசோ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்பது உலர்ந்த கிளட்ச் உள்ள ஸ்கூட்டர்களுக்கு. சரியான ஆயிலுக்கு மாற்றி ஓட்டினால் பல சமயம் பிடிப்பு திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் தகடுகளை மாற்ற வேண்டும்.

சத்தம் மாறிவிட்டது

முதல் ஸ்டார்ட்டில் டக்டக்கென்று சில விநாடி கேட்டு நின்றால் ஃபில்டர் நிரம்பும் நேரம் அது, விட்டுவிடுங்கள். தினமும் காலையில் கேட்டால் ஃபில்டரின் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு சரியில்லை, இரவில் அது காலியாகிவிடுகிறது. வேறு நல்ல ஃபில்டர் போடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் கேட்டால் ஊற்றிய கிரேடைச் சரிபாருங்கள். 5டபிள்யூ-30 சொன்ன இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் குளிரில் அது மேலே ஏறவே நேரம் எடுக்கும். சத்தம் கனமாக, இடிப்பது போலக் கேட்டால் நிறுத்திவிட்டு அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

புது ஆயில் அதற்குள் கறுத்துவிட்டது

டீசல் என்றால் ஒரே நாளில் கறுப்பது இயல்பு, உள்ளே மிஞ்சிய கரி கலக்கிறது. நிறத்தை வைத்து ஆயிலை எடைபோட வேண்டாம். ஆனால் டிப்ஸ்டிக்கிலேயே பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர், ஹெட் காஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். மூடியின் உட்புறம் மட்டும் வெள்ளைப் படலம் என்றால் அது குறைந்த தூரமே ஓடும் வண்டியில் தங்கும் ஈரம், கூலண்ட் குறையாத வரை பயமில்லை. காந்தம் உள்ள ட்ரெயின் போல்ட்டில் சாம்பல் நிறக் குழம்பாகப் படிந்திருப்பது சாதாரணத் தேய்மானம். விரலுக்கு நறநறவென்று தட்டுப்படும் துண்டுகள் இருந்தால் அவற்றை எடுத்து வைத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சர்வீஸ் நினைவூட்டல் போகவில்லை

நீங்கள் ஆயில் மாற்றியது பெரும்பாலான வண்டிகளுக்குத் தெரியாது, அவை கிலோமீட்டரையும் ஓட்டும் விதத்தையும்தான் எண்ணுகின்றன. கையேட்டில் உள்ள முறைப்படி மெனுவில் ரீசெட் செய்யுங்கள், செய்த தேதியையும் அப்போதைய கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதிப் பானெட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். வடித்த பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் மையத்திலோ ஒர்க்‌ஷாப்பிலோ கொடுத்துவிடுங்கள். சாக்கடையிலும் மண்ணிலும் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. பழைய ஃபில்டரைக் கொடுப்பதற்கு முன் ஒரு இரவு கவிழ்த்து வையுங்கள், அதற்குள்ளும் கணிசமான ஆயில் இருக்கும்.